பட்டை இல்லாத சக்கரம்

காரை ஓரங்கட்டும்போது பிளாட்பாரத்துக் கல்லில் அலாய் வீல் உரசினால், அந்தச் சத்தம் ஒரு விநாடிகூட நீடிப்பதில்லை. இறங்கிப் பார்த்தால் ரிம்மின் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் உரிந்து, அடியில் இருக்கும் வெள்ளை உலோகம் அரம் போட்டதுபோல் சொரசொரத்துக் கிடக்கும். ஓட்டியவரின் கவனக்குறைவு என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம். திண்டுக்கல் பேகம்பூர் போன்ற ஓரிடத்தில் இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுகளாக என்னென்ன சக்கரங்கள் உருண்டன என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் அந்தக் காரணம் போதவில்லை. சக்கரம் இருக்கும் நாளெல்லாம் அது கல்லில் மோதியே வந்திருக்கிறது. மோதும்போது எது தேய்வது, அந்தச் செலவு யார் தலையில் விழுவது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் தேய்வதற்கென்றே தனியாக ஓர் உறுப்பு வைத்தார்கள். அதன் பெயர் பட்டை. தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். சக்கரத்துக்கு ஒன்றும் ஆகாது. அலாய் வீலில் பட்டையும் சக்கரமும் ஒரே வார்ப்பு. இன்றைய விளிம்புச் சேதத்தின் வேர் இந்த இணைப்பில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

பேகம்பூர் என்ற பெயர் ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தால் வந்தது என்பது ஊர் வழக்கு. பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. ஐதர் 1755இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக, அதாவது படையதிகாரியாக, வந்தவர். மலைக்கோட்டையைத் தளமாக வைத்து, பிரெஞ்சுக்காரர்கள் மூலம் கிடைத்த கைவினைஞர்களைக் கொண்டு இங்கே ஓர் ஆயுதச்சாலையை ஏற்படுத்தினார். பீரங்கி வேண்டும் என்றால் அதைச் சுமக்க வண்டி வேண்டும். வண்டிக்குச் சக்கரம், சக்கரத்துக்கு இரும்பு. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு திண்டுக்கல் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. பிறகு பேகம்பூருக்கு முகம் கொடுத்தது தோல் பதனிடும் தொழில். தோல் கனமான சரக்கு. அதைப் பதனிட வேண்டிய ஆவாரம்பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு எல்லாமே இடத்தை அடைக்கிற சரக்கு. காடுமேடுகளிலிருந்து இவற்றைக் கொண்டுவர மாட்டுவண்டியை விட்டால் வேறு வழி இல்லாத காலம் அது. 1875இல் திருச்சி மதுரை ரயில் பாதை இந்த ஊர் வழியாக வந்தபோது வண்டிகளுக்கு வேலை போகவில்லை, கூடியது. வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலையை ரயிலடிக்குக் கொண்டுபோனதும் வண்டி. மோட்டார் சாலை வருவதற்கு முன் கொடைக்கானல் போகிறவர்களை அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு இழுத்துப்போனதும் வண்டிதான். இந்தச் சமவெளியின் வணிகம் முழுவதும் இரண்டு அங்குல அகல இரும்பின் மேல் உருண்டது. திண்டுக்கல்லின் இரும்பு வேலை என்றால் பூட்டும் இரும்புப் பெட்டியும்தான் நினைவுக்கு வரும்; 2019இல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது, தகுதியான மரியாதை அது. வண்டிப் பட்டை கட்டிய கொல்லாசாரிக்கு அப்படி ஒரு நினைவும் இல்லை என்பது எனக்கு வருத்தம். பூட்டு வீட்டைக் காத்தது. பட்டைதான் ஊரை நகர்த்தியது.

அந்தச் சக்கரம் எப்படி அமைந்தது என்று பார்த்தால் வாதம் தெளிவாகும். நடுவில் குடம். குடத்தின் துளையில் இருசு நுழையும். சக்கரம் கழன்றுவிடாமல் முனையில் கடையாணி. குடத்திலிருந்து ஆரக்கால்கள் கிளம்பும். அவற்றின் மறுமுனை, வளைத்துச் செதுக்கிய வட்டைகளில் இறங்கும். ஒரு வட்டைக்கு இரண்டு கால் வீதம் ஆறு வட்டை, பன்னிரண்டு கால் என்பது பரவலான கணக்கு. மரத்தில் கருவேலம் பெயர் பெற்றது. முரட்டு மரம், வெடிப்பு குறைவு. இதுவரை தச்சாசாரியின் வேலை. ஆனால் தச்சர் முடித்துக் கொடுப்பது சக்கர வடிவில் அடுக்கிய பத்தொன்பது மரத்துண்டுகள்தான். பாரம் ஏற்றி நான்கு மைல் ஓட்டினால் மூட்டுகள் நெகிழ்ந்துவிடும். அவற்றை ஒன்றாக்குவது கொல்லர் போடும் பட்டை.

பட்டை கட்டுவது ஊரே நின்று பார்க்கும் வேலை. இரும்புப் பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாக அளந்து, வளைத்து, முனைகளைக் காய்ச்சி இணைத்து வளையமாக்குவார்கள். எருவாட்டியை வட்டமாக அடுக்கி நடுவே வளையத்தை வைத்துத் தீ மூட்டுவார்கள். பழுத்ததும் இடுக்கிகளால் தூக்கிவந்து, தரையில் படுக்கவைத்த மரச்சக்கரத்தின் மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டி உட்காரவைத்து, மரம் எரியத் தொடங்கும் முன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும், சுருங்கும்போது ஆரக்கால்கள் நறநறவென்று குடத்துக்குள் இறங்கும். இதன் பின்னால் உள்ள கணக்கு எளிது. இரும்பு ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் தன் நீளத்தில் லட்சத்தில் 1.2 பங்கு நீளும். ஐந்தடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு 15.7 அடி. 450 டிகிரி சூடேறினால் வளையம் ஏறத்தாழ ஓர் அங்குலம் நீளும். அந்த ஓர் அங்குலத்துக்குள்தான் கொல்லரின் கைத்திறன் எல்லாம். குறைவாக விட்டால் பட்டை பிடிக்காது. கூடுதலாக இறுக்கினால் ஆரக்கால் முறியும். வெப்பமானி இல்லாமல், இரும்பின் நிறத்தைப் பார்த்தே இதைச் செய்தார்கள்.

இந்தப் பட்டைக்கு இரண்டு வேலைகள். சக்கரத்தை இறுக்கிப் பிடிப்பது ஒன்று, தான் தேய்ந்து மரத்தைக் காப்பது இன்னொன்று. திண்டுக்கல் மழை மறைவுப் பக்கத்து ஊர். கோடையில் மரம் உலர்ந்து சுருங்கினால் பட்டை லொடலொடக்கும். அப்போதைக்குச் சக்கரத்தைக் கழற்றிக் குளத்துத் தண்ணீரில் ஊறவைப்பார்கள், அல்லது இடைவெளியில் ஆப்பு அடிப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் பட்டையைக் கழற்றி, ஒரு துண்டை வெட்டி எடுத்து, மறுபடி இணைத்துக் கட்டுவார்கள். தேய்ந்து மெலிந்தால் புதுப் பட்டை. குடமும் காலும் பழையதாகவே இருக்கும். வண்டிக்காரர் கணக்கில் பட்டை மாற்றுவது விபத்துச் செலவு ஆகாது; லாடம் கட்டுவதுபோல, வண்டி மை போடுவதுபோல, எதிர்பார்த்த செலவு. தேரிலும் இதே அறிவு வேறு வடிவில் உண்டு. தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தடியில் கொடுக்கும் முட்டுக்கட்டை நசுங்குவதற்கென்றே செய்த மரம். திருச்சி பெல் நிறுவனம் தமிழகத்தின் பல பெருந்தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் தேரோடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்படியானால் மாட்டுவண்டிக் காலம் பொற்காலமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பட்டை தன் சக்கரத்தைக் காத்தது, ஆனால் தெருவைத் தின்றது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாரத்தோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள வண்டி. சக்கரத்துக்கு 500 கிலோ. கெட்டியான சாலையில் பட்டை தொடும் இடம் ஐந்து சென்டிமீட்டர் அகலம், இரண்டு சென்டிமீட்டர் நீளம் என்று வைத்தாலும் ஒரு சதுர சென்டிமீட்டரில் 50 கிலோ அழுத்தம் விழுகிறது. இன்றைய கார் டயரின் காற்றழுத்தம் அதே அளவு இடத்தில் இரண்டே கால் கிலோ. இருபது மடங்குக்கும் மேல் வேறுபாடு. ஒரே தடத்தில் வண்டிகள் போய்ப்போய்ச் சரளைச் சாலையில் வாய்க்கால் விழும். மழை வந்தால் அது குழியாகும். வண்டிப் பட்டை சாலையை வெட்டுகிறது என்பது சாலைப் பொறியாளர்களின் ஓயாத புகார். அகலப் பட்டை போடச் சொல்லிப் பார்த்தார்கள்; வண்டி கனத்துப்போகும், மாடு இழுக்காது என்று வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. திண்டுக்கல் நகராட்சி 1866இல் தொடங்கியது முதல், தெருவைச் செப்பனிடும் செலவு ஊரார் கொடுக்கும் வரியிலிருந்து போனது. அதாவது சக்கரமும் கல்லும் உரசியதற்கான விலையை அப்போது ஊர் முழுவதும் பகிர்ந்து கட்டியது. சுவர்களுக்கும் இதே கதி. குடத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இருசு முனை, திரும்பும்போது வீட்டு மூலையைப் பெயர்த்துவிடும். அதனால்தான் தமிழகத்தின் பழைய ஊர்களில் தெருமுனை வீட்டோரம் ஒரு கல்லைச் சாய்த்து நட்டிருப்பார்கள். வண்டி முட்டினால் கல் வாங்கிக்கொள்ளும், சுவர் தப்பும். வண்டியும் வீடும், இரண்டுமே தாங்குவதற்கென ஒரு பொருளைத் தனியே ஒதுக்கிவைத்திருந்தன.

இரும்புப் பட்டை மாட்டின் கழுத்தையும் அறுத்தது. ஆகவே அது போனதில் எனக்கு வருத்தமில்லை. நான் பேசுவது இரும்பைப் பற்றி அல்ல, தனியாகக் கழற்றக்கூடிய விளிம்பைப் பற்றி. ரப்பர் டயர் அந்த விளிம்பை ஒழிக்கவில்லை, மேம்படுத்தியது. 1888இல் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1912இல் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் பஸ் ஓடத் தொடங்கியது. பஸ்ஸில் போட்ட டயரே பின்னர் மாட்டுவண்டிக்கும் இறங்கியது. டயர் வண்டி என்று இன்றும் அதற்குப் பெயர். 1970களின் இறுதியில்கூட இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட மாட்டுவண்டிகள் இருப்பதாகச் சொல்லி, அவற்றின் சக்கரத்தை மாற்ற வேண்டும் என்று வாதாடியவர் பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் இயக்குநர் என்.எஸ். ராமசாமி. அவர் சொன்னது சரி. டயர் வந்ததும் சாலை பிழைத்தது, மாடு பிழைத்தது, தேய்மானம் முழுவதையும் ரப்பர் ஏற்றுக்கொண்டது. ரப்பர்தான் புதுப் பட்டை. வழுக்கையானால் கழற்றலாம், ரீட்ரெட் பண்ணலாம். உள்ளே இருக்கும் ரிம் அப்படியே இருக்கும்.

காரிலும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. அம்பாசடருக்கு 5.90-15 டயர். பதினைந்து அங்குல ரிம்முக்கும் தரைக்கும் நடுவே ஏறத்தாழ ஆறு அங்குல ரப்பர் நின்றது. ரிம் அச்சில் அழுத்தி வடிவமைத்த இரும்புத் தகடு. 1960களின் தொடக்கத்திலிருந்து சென்னை பாடியில் வீல்ஸ் இந்தியா செய்துவந்த வகை. கல்லில் இடித்து நெளிந்தால் டிங்கரிங் பட்டறையில் சுத்தியலால் பெண்டு எடுத்துவிடுவார்கள். இரும்பு வளையும், சொல்லிவிட்டுத்தான் உடையும். அழகுக்கு மேலே ஒரு வீல் கப். அது நசுங்கினால் வேறொன்று. இன்றும் அதே காரின் விலை குறைந்த மாடலில் இரும்பு ரிம்மும் பிளாஸ்டிக் கப்பும் வருகின்றன. பலரும் அதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். சக்கர வரலாற்றின்படி பார்த்தால் பட்டையின் நேர் வாரிசு அந்தப் பிளாஸ்டிக் கப்தான்.

அலாய் வீல் வேறு குலம். 1924இல் புகாட்டியின் டைப் 35 பந்தயக் காரில் வார்ப்பு அலுமினியச் சக்கரம் வந்தது. பிரேக் டிரம்மும் அதிலேயே சேர்ந்த வார்ப்பு. எடை, குளிர்ச்சி இரண்டையும் முன்னிட்டுப் பந்தயக்காரர்கள் செய்த ஏற்பாடு அது. இன்று சாதாரணக் காரில் வருவது பெரும்பாலும் ஏ356 என்ற கலவை: அலுமினியத்தோடு ஏழு சதவீதம் சிலிக்கான், மிகக் கொஞ்சம் மக்னீசியம். அச்சில் வார்த்த பின் 540 டிகிரி அளவில் காய்ச்சித் தண்ணீரில் தணித்து, மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். குடம், ஆரக்கால், வட்டை மூன்றும் ஒரே துண்டு. வடிவம் எப்படி வேண்டுமானாலும் வரும், பிரேக்குக்குக் காற்றோட்டம் நன்றாக இருக்கும், வட்டம் பிசகாது. இந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் ரிம் பெரிதாகப் பெரிதாக டயரின் பக்கச்சுவர் ஒடுங்கியது. 195/55 ஆர்16 என்று எழுதிய டயரின் பக்கச்சுவர் 195இல் 55 சதவீதம், அதாவது 107 மில்லிமீட்டர். வண்டியின் எடையில் அமுங்கியது போக இன்னும் குறைவு. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டலில் ஓரக்கல்லின் உயரம் வகையைப் பொறுத்து 100, 150, 200 மில்லிமீட்டர். 150 மில்லிமீட்டர் கல்லோரம் அம்பாசடரை ஒட்டி நிறுத்தினால் கல் பெரும்பாலும் ரப்பரைத்தான் உரசும். அதே கல்லோரம் இன்றைய காரை ஒட்டினால் கல்லின் மேல் நாலு விரற்கடை நேராக ரிம்மின் முன் நிற்கிறது. தெருமுனையில் கல்லைச் சாய்த்து நட்ட ஊர், இப்போது சாலை ஓரத்தில் கல்லைச் செங்குத்தாக நிறுத்துகிறது. இப்போது அடி வாங்குவது கார்க்காரரின் சக்கரம்.

கவனமாக ஓட்டினால் இடிக்காதே என்பவர்களுக்கு என் பதில் இந்த அளவுகள்தான். கவனம் தேவை, மறுக்கவில்லை. ஆனால் உற்பத்தியாளர்களே கவனத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை. அலாய் வீலுக்கான ஐ.எஸ்.ஓ. 7141 சோதனையில் டயர் மாட்டிய சக்கரத்தை 13 டிகிரி சாய்த்துப் பொருத்தி, அதன் விளிம்பில் 230 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு பாரத்தைப் போடுகிறார்கள். சக்கரம் தாங்க வேண்டிய எடையில் 60 சதவீதத்தோடு 180 கிலோ கூட்டினால் வருவது அந்தப் பாரம். ஓரக்கல்லில் பக்கவாட்டில் மோதுவதை ஆய்வுக்கூடத்தில் நடித்துக் காட்டுகிற சோதனை அது. சக்கரம் கல்லில் மோதும் என்பதைச் செய்கிறவர் ஒப்புக்கொண்டுதான் செய்கிறார். அந்தச் சோதனையில் சக்கரம் பிளக்கக் கூடாது, காற்று ஒரேயடியாக இறங்கிவிடக் கூடாது. கீறல் விழக் கூடாது என்று யாரும் கேட்பதில்லை. உயிரைக் காக்கும் பொறுப்பைத் தொழிற்சாலை ஏற்கிறது, விளிம்பின் பொறுப்பை வாங்கியவரிடம் விட்டுவிடுகிறது.

இது வசதி உள்ளவர்களின் அழகுக் கவலை என்று ஒதுக்கவும் முடியாது. வெறும் கீறல் பெரும்பாலும் பெயிண்ட் பிரச்சினைதான். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாளால் பிசிறை இழைத்து, தேவைப்பட்டால் பட்டி பார்த்து, பிரைமர், நிறம், கடைசியாகக் கிளியர் கோட் அடித்தால் வேலை முடிந்தது. முகப்பை மினுமினுப்பாகக் கடைந்த டைமண்ட் கட் ரிம்முக்கு இது ஒத்துவராது. அதை மறுபடி லேத்தில் ஏற்றிக் கடைய வேண்டும், ஒவ்வொரு கடைசலிலும் உலோகம் கொஞ்சம் போகும். ஆகவே ஓரிரு முறைக்கு மேல் செய்வது நல்லதல்ல. கீறலைத் திறந்தபடி விட்டால் ஈரம் கிளியர் கோட்டின் அடியில் ஊர்ந்து வெள்ளையாகப் பூக்கும். அது டயர் உட்காரும் இடம்வரை போனால் காற்று மெல்ல மெல்ல இறங்கும். இதுவரை பட்டறைக்காரர் கையில் இருக்கும் விஷயம். நெளிவும் வெடிப்பும் வேறு. அலாய் இரும்புபோல வளைந்து கொடுப்பதில்லை. சூடு காட்டிப் பெண்டு எடுத்தால் தொழிற்சாலையில் ஏற்றிய பதம் அந்த இடத்தில் போய்விடும். வெடிப்பில் ஆர்கான் வெல்டிங் வைத்து, பூசி, புதுசுபோல் ஆக்கித் தருவது எளிது. வெல்டிங்கை ஒட்டிய உலோகம் பழைய வலுவோடு இருக்காது. ஆரக்காலிலோ உள்விளிம்பிலோ வெடிப்பு இருந்தால் அந்தச் சக்கரத்தைத் தூக்கிப் போடுவதுதான் சரி. இந்தப் பாகுபாட்டைப் பழைய சக்கரம் தானே செய்து கொடுத்தது. பட்டை தேய்ந்தால் கொல்லரிடம், கால் ஆடினால் தச்சரிடம் என்று வண்டிக்காரருக்குத் தெரியும். ஒரே வார்ப்பில் தேயும் பாகமும் தாங்கும் பாகமும் கலந்துவிட்டதால், எது பூச்சு வேலை, எது உயிர் விஷயம் என்று உடைமையாளரால் கண்ணால் பிரிக்க முடிவதில்லை. அதே காரணத்தால் பட்டி பூசிய வெடிப்போடு ஒரு பழைய கார் கை மாறவும் முடிகிறது. இது அழகுக் கவலை ஆகாது.

இன்றைய டயர்க்காரர்கள் இந்த இழப்பை உணர்ந்திருப்பதற்கு ஒரு தடயம் உண்டு. சில டயர்களில் பக்கச்சுவர் ரிம்மைச் சந்திக்கும் இடத்தில் வட்டம் முழுக்க ஒரு ரப்பர் வரப்பு ரிம்மைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரிம் காப்பு என்று அதற்குப் பெயர் சொல்கிறார்கள். கல் முதலில் அதைத் தொட வேண்டும் என்பது ஏற்பாடு. விளிம்பில் ஒட்டிக்கொள்ளும் வளையங்களும் கடைகளில் கிடைக்கின்றன. வரப்பின் தடிப்பு சில மில்லிமீட்டர்தான். செங்குத்தான கல்லில் வேகமாக இடித்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது, மெதுவான உரசலைத்தான் தாங்கும். ஆனாலும் அது தேயும். தேய்ந்த டயரோடு கழன்று போகும். புது டயரோடு புதிதாக வந்து சேரும்.